இரணியனுக்கு வந்த உயிர்பயம்

முருகையனுக்கு ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை, கூப்பிட்டால் அடுத்த வீதியில் திரும்பிப் பார்க்கிற குரல். தைரியத்தை மட்டும் வைத்து அனுப்ப மறந்துவிட்டார்கள். மின்துறையில் மீட்டர் பார்க்கும் உத்தியோகம். நாய் வளர்க்கிற வீடுகளில் கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "மீட்டர்ல இன்னா நம்பர் நிக்குதுன்னு பாத்துச் சொல்லும்மா" என்று கேட்டு எழுதிக்கொள்வார். நாய் இல்லாத வீடுகளிலும் அப்படித்தான், எந்த நேரமும் ஒன்று வாங்கிவிடலாம் இல்லையா. ரிட்டையர்டு ஏட்டு ராஜாங்கத்தின் வீட்டில் நிஜமாகவே ஒரு நாய் உண்டு. அந்த கேட்டைத் தாண்டி முருகையன் ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் முதலியார்பேட்டையில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த அந்த வீதிக்குப் பதினான்கு வருடமாக இரணியன். மூன்று உலகத்தையும் நடுங்கவைத்த இரணியன்.

வழக்கம் இது. நரசிம்ம ஜெயந்தி அன்று பெருமாள் கோயில் வாசலில் மூங்கிலும் காகிதமும் வைத்துக் கட்டிய தூண் ஒன்று நிற்கும். சாயங்காலம், வெளிச்சம் மங்கி விளக்கு போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்தில், தூணைக் கிழித்துக்கொண்டு நரசிம்மர் வருவார். இரணியனை வாசற்படிக்கு இழுத்து, மடியில் கிடத்தி, வயிற்றில் கட்டியிருக்கும் சிவப்புத் துணிச் சுருளை உருவி மாலையாகப் போட்டுக்கொள்வார். பிறகு கற்பூரம், சுண்டல், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் நரசிம்மர் மாட்டுகிற சிங்கமுகம் வெறும் மரமில்லை. வருடம் முழுக்கக் கோயிலுக்குள் பூஜையில் இருப்பது. பத்து நாள் விரதமிருந்து அதைத் தலையில் ஏற்றினால் சாமி வந்துவிடும். வந்த சாமிக்கு எதிரே கிடப்பது இரணியனா மின்துறை முருகையனா என்ற வித்தியாசம் தெரியாது. அதனால் இடுப்பில் தாம்புக்கயிறு கட்டி, ஐந்து பேர் பின்னால் பிடித்திருப்பார்கள். எந்தக் காலத்திலோ ஒரு வருடம், கயிறு பிடித்தவர்கள் டீ குடிக்கப் போய்விட, இரணியன் நிஜமாகவே செத்துப்போனான் என்று கதை உண்டு. செத்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. எந்த டீக்கடை என்பதில் மட்டும் இரண்டு கட்சி இருந்தது.

பதினான்கு வருடமும் நரசிம்மராக வந்தவர் ராமலிங்கம். அவர் முகத்தை மாட்டிக் கர்ஜித்தால் கைக்குழந்தைகள் வீரிட்டு அழும். ஆனால் இரணியனை மடியில் கிடத்தியதும் முகத்துக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல் வரும்: "இடுப்பு வலிக்குதா முருகா? கொஞ்சம் இப்டித் திரும்பிக்க." இந்த ரகசியம் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். முருகையன் இரணியனாகக் காலம் தள்ளியது அந்தக் குரலை நம்பித்தான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ராமலிங்கத்தின் முழங்கால்கள் இரண்டும் கைவிட்டன. முகம் மாட்டும் உரிமை அவர் மகன் இளஞ்செழியனுக்கு வந்தது. முருகையனுக்குத் தூக்கம் போனது அன்றிலிருந்துதான்.

இளஞ்செழியனுக்கு முப்பத்துநாலு வயது. பத்து வருடத்துக்கு முன்னால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றித்தான் வாசிக்கிறார் என்று அவனுக்கு உறுதியாகத் தோன்றி, ரேடியோவைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டான். மூன்று மாதம் ஆஸ்பத்திரி. அதன் பிறகு தினமும் மாத்திரை, மாதம் ஒரு ஊசி, டவுனில் ஒரு பேக்கரியில் நீள ரொட்டி சுடுகிற வேலை. பத்து வருடத்தில் அவன் ஒருவரையும் 'டேய்' என்று கூப்பிட்டதில்லை.

ஒரே ஒரு பழக்கம்தான் வீதியை மிரட்டியது. திடீரென்று நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பணிவாகக் கேட்பான்: "இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சே, உங்களுக்கும் கேட்டுச்சா?" கேட்டது என்றால் தலையாட்டிவிட்டுப் போவான். இல்லை என்றாலும் தலையாட்டிவிட்டுப் போவான். ஒருமுறை முருகையனிடம் அப்படிக் கேட்டபோது அது தண்ணி லாரியின் ஹாரன். கேட்டது என்று சொல்ல முருகையனுக்கு நாக்கு எழவில்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டார்.

அந்தப் பங்குனியில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. எங்கோ தூரத்து ஊரில் ஒரு கொலை. 'மனநோயாளி வெறிச்செயல்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதே பக்கத்தில் அண்ணனை வெட்டிய தம்பி, மாமியாரைக் கொளுத்திய மருமகன், வாய்க்கால் தகராறில் மண்வெட்டியால் அடித்த விவசாயி என்று இன்னும் மூன்று கொலைகள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் 'தெளிந்த புத்திக்காரர் வெறிச்செயல்' என்று யாரும் தலைப்புப் போடவில்லை.

வீதி கொட்டை எழுத்தை மட்டும் படித்தது. பத்து வருடம் கிணற்றில் சும்மா கிடந்த ரேடியோ எழுந்து வந்தது. முதலில் டேப்ரெக்கார்டர் ஆனது. பிறகு அது கிணற்றில் விழவில்லை, ஒருவர் தலையில் விழுந்தது. பேச்சு அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டியபோது, இளஞ்செழியன் சொந்தச் சித்தப்பாவையே கிணற்றில் தள்ளிவிட்டான். சித்தப்பா தவளக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்து நன்றாகத்தான் இருந்தார். அவரே இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அய்யய்யோ, எந்தச் சித்தப்பா?" என்று பதறினாராம்.

முருகையனுக்குச் சோறு இறங்கவில்லை. "பேசாம இந்த வருஷம் வேஷம் வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி செல்வாம்பாள்.

"பயந்துட்டேன்னு நெனப்பாங்கடி."

"நெனக்கட்டுமே. உண்மதான?"

அது அவருக்குப் பிடிக்கவில்லை. பயம் தன்னுடையதாக இருக்கக் கூடாது, வீதியின் நன்மையாக இருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் தேடி, அரை நாள் லீவு போட்டு, இளஞ்செழியன் ஊசி போட்டுக்கொள்கிற ஆஸ்பத்திரிக்கே போனார். அங்கே நிர்மலா என்று ஒரு நர்ஸ். அவனைப் பத்து வருடமாகப் பார்த்துவருகிறவள்.

"அவன் நரசிம்மரா வந்தா என்னக் கொன்னுடுவானாம்மா?" என்று கேட்டார் முருகையன்.

நிர்மலா ஊசியைக் கீழே வைத்தாள். "அவர் விஷயம் நான் பேசக்கூடாது. பொதுவா வேணா சொல்றேன். இந்த வியாதிக்காரங்க நெறைய பேரு ஒரு ஈயக்கூட அடிக்க மாட்டாங்க. மத்தவங்ககிட்ட அடி வாங்கிக்கினு வர்ற இவங்களுக்குத்தான் நான் தினமும் கட்டு போடறேன்."

"அப்ப ஆபத்தே இல்லன்றீங்க."

"அப்டி சொல்லலயே. மருந்த நிறுத்திட்டு, குடியும் சேந்துச்சுன்னா சில பேருகிட்ட கவனமா இருக்கணும். அது உண்மதான். ஆனா குடி சேந்தா யாருகிட்டதான் கவனமா இருக்க வேணாம்? உங்கள யாராச்சும் கொல்லணும்னா அவருக்குக் கோவம் இருக்கணும், குடி இருக்கணும், பக்கத்துல இருக்கணும். அந்த மாதிரி யாருனா உங்க வீதியில இருக்காங்களா?"

"சேச்சே. எல்லாம் நல்ல மனுஷங்கம்மா" என்றார் முருகையன்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் கமிட்டி கூடியது. தலைவர் ராஜாங்கம், அந்தக் காலத்துச் சிவப்புத் தொப்பி ஏட்டு. முருகையன் எழுந்து, இரணியன் குரலில் பேசினார். "எனக்கு ஒண்ணும் பயமில்ல. வீதி பேரு கெட்டுடக் கூடாது. முகம் மாட்டறவன் தெளிஞ்ச புத்தியோட இருக்கணும். இன்னைக்கு ஆஸ்பத்திரியில நர்ஸம்மாவே சொன்னாங்க, கவனமா இருக்கணும்னு."

நர்ஸம்மா சொன்ன மற்றதெல்லாம் அவர் தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. இளஞ்செழியன் தரையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். முருகையன் பார்வையைத் தூக்கிக் கோபுரத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

"மாமா, நான் டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்" என்றான் அவன். "விரதத்துலயும் மாத்திரைய விடக்கூடாது, வெறும் வயித்துல போடக்கூடாது, ரெண்டு இட்லி சாப்புட்டுப் போட்டுக்கன்னு சொன்னாரு. நான் தாங்குவேன்."

சபை கொந்தளித்தது. நரசிம்மருக்கு இட்லியா? நரசிம்மருக்கு மாத்திரையா? மாத்திரை போட்டால் சாமி எப்படி வரும்? போடாவிட்டால் வேறு எதுவோ வந்துவிடுமே! ஒரு மணி நேரம் இதையே திருப்பித் திருப்பிப் பேசினார்கள். கடைசியில் ராஜாங்கம் கையைத் தூக்கினார்.

"முருகையன் சொல்றதுதான் சரி. முகம் மாட்டறவனுக்குப் புத்தி தெளிவா இருக்கணும். மாத்திரையே போட்டிருக்கக் கூடாது. இளஞ்செழியன் மனசு நோகாம, கயித்தோட கடைசி நுனிய அவன் புடிச்சுக்கட்டும். முகத்துக்கு வேற ஆளு. தலையும் பெருசா இருக்கணும். யாரு?"

எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. வீதியிலேயே பெரிய தலை பாவாடை என்பவருடையது. ஐம்பது வயதில் தலைவலி மாத்திரைகூடப் போடாத ஆள். முருகையனின் பக்கத்து வீட்டுக்காரர்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அது அரை அடி தன் மனையில் நிற்கிறது என்று பாவாடை ஆறு வருடமாகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். சாயங்காலமானால் சாராயக்கடைக்குப் போவார், திரும்பி வந்து சுவரிடம் பேசுவார். போன தீபாவளியன்று அந்தச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, வீதி முழுக்கக் கேட்கும்படி, "ஒருநாள் இல்லன்னா ஒருநாள் உன் குடல உருவி மாலையாப் போட்டுக்குவேன்டா" என்று சத்தியம் செய்தார். தெளிந்த புத்தியோடு சொன்னதால் அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

முருகையன் வாயைத் திறந்தார். தெளிந்த புத்தி வேண்டும் என்று சபையில் முழங்கியவர் அவர்தான். பாவாடைக்குப் புத்தி தெளிவில்லை என்று எப்படிச் சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டார். பாவாடை அவரைப் பார்த்துச் சிரித்தார். ஆறு வருடத்தில் முதல் சிரிப்பு.

"நல்லா இருக்குங்க" என்றாள் செல்வாம்பாள், செய்தி கேட்டு. "கோவம், குடி, பக்கத்து வீடு. அந்த நர்ஸம்மா ஜோசியம் பாக்குமா?"

இரண்டு நாள் கழித்து முருகையன் ராஜாங்கத்தின் வீட்டுக்குப் போய், வழக்கம்போல கேட்டுக்கு வெளியே நின்று, நாய்க்கு மேலாகக் குரல் கொடுத்தார். "அண்ணே, உங்க சர்வீஸ்ல எத்தனையோ கொல கேசு பாத்திருப்பீங்க. யாருண்ணே பண்ணுவாங்க?"

ராஜாங்கம் பழைய பெருமையில் கரைந்துபோனார். "இருவத்தெட்டு வருஷம்டா. பங்காளி, அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரன். வரப்பு, சுவரு, சாக்கடை. எல்லாம் நம்மள மாதிரி நல்ல புத்தியோட இருக்கறவன்தான். பைத்தியம் பண்ண கேசு ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. விசாரிச்சுப் பாத்தா, மச்சான் பண்ணிட்டு அவன் மேல சாட்டியிருக்கான்."

"அப்ப ஏண்ணே கமிட்டியில அப்டி..."

"கமிட்டி வேற, கேசு வேறடா" என்றார் ராஜாங்கம்.

பாவாடை பத்து நாளும் விரதம் இருந்தார். சோறு, மீன், கறி எதையும் தொடவில்லை. சாராயத்தை அவர் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. சுவரின் அந்தப் பக்கம் தினமும் கர்ஜனைப் பயிற்சி நடந்தது. இந்தப் பக்கம் முருகையன் வயிற்றில் கட்டும் சிவப்புத் துணிக்கு அடியில் என்ன வைக்கலாம் என்று பார்த்து, கடைசியில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்துக் கட்டிக்கொண்டார்.

ஜெயந்தி வந்தது. வீதி முழுக்க ஜனம். கனகசெட்டிக்குளத்திலிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். முருகையன் கிரீடத்தோடு நின்று, "எங்கேயடா உன் ஹரி?" என்று கர்ஜித்தார். குரல் என்னவோ பயங்கரமாகத்தான் வந்தது. கதாயுதத்தால் தூணை ஒரு தட்டு தட்டினார். எவ்வளவு மெதுவாகத் தட்டமுடியுமோ அவ்வளவு மெதுவாக.

தூண் கிழிந்தது. பாவாடை வந்தார். சிங்கமுகத்தோடு ஒரு வாடையும் வந்தது. பின்னால் நாலு பேர் கயிற்றைப் பிடித்திருக்க, கடைசி நுனியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இளஞ்செழியன் நின்றான், பக்கத்தில் மேற்பார்வைக்கு ராஜாங்கம். முருகையனைத் தரதரவென்று வாசற்படிக்கு இழுத்து, மடியில் சாய்த்தார் நரசிம்மர். கை வயிற்றுக்குப் போனது. தாம்பாளம் 'டங்' என்றது. கை ஒரு கணம் யோசித்துவிட்டுக் கழுத்துக்கு வந்தது.

முகத்துக்குள்ளிருந்து குரல் கேட்டது. இடுப்பு வலிக்கிறதா என்று கேட்கும் குரல் இல்லை. "அரை அடி... அரை அடிடா... அரை அடி!" ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் இறுகின.

"காப்பாத்துங்க! கொல்றான்! சாமி இல்ல, பாவாடை!" என்று முருகையன் அலறினார். ஜனம் மெய்சிலிர்த்துப்போனது. பதினான்கு வருடத்தில் இரணியன் இப்படி நடித்ததே இல்லை. கைத்தட்டல் எழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி கற்பூரத்தட்டைத் தூக்கினார். தூக்கியதும் கயிறு பிடித்திருந்த நாலு பேரும் பக்தி மேலிட்டு, கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முருகையனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டில், கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, பழகிய பணிவான குரல் ஒன்று கேட்டது.

"ஏட்டு மாமா, 'அரை அடி'ன்னு ஒரு சத்தம் கேக்குதே, உங்களுக்கும் கேக்குதா?"

நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இவன் விசாரணை நடத்துகிறான் என்று முருகையன் நினைத்தார். அநேகமாக அதுதான் தன் கடைசி நினைப்பு என்றும் நினைத்தார்.

"கேக்குதுடா" என்றது ராஜாங்கத்தின் குரல். "அரை அடின்னுதான் கத்துறான்."

மறுகணம் கயிறு விறைத்தது. பத்து வருடமாக மாவு பிசைந்த கைகள் ஒரே இழுப்பு இழுத்தன. நரசிம்மர் மடியிலிருந்த இரணியனை விட்டுவிட்டு, பின்பக்கமாகப் பறந்து, சுண்டல் அண்டாவில் உட்கார்ந்தார்.

மறுநாள் வீதியே பாவாடையின் வீட்டு வாசலில் நின்றது, காலில் விழுவதற்கு. இத்தனை வருடத்தில் சாமி இவ்வளவு உக்கிரமாக வந்ததே இல்லையாம். முருகையன் கழுத்தில் ஐந்து விரல் பதிந்திருந்ததைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "சாமியோட கை பட்ட எடம்" என்று ஒரு கிழவி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அரை அடி என்று கத்தினானே என்றால், சாமி சமஸ்கிருதத்தில் ஏதோ சொல்லியிருக்கும் என்றார்கள். ராஜாங்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கல. சாமி விஷயம், என்னை இழுக்காத" என்றார் அவர்.

நாலாம் நாள் வீதி வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தது. பயத்தில் முருகையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இல்லாத குரல் கேட்கிறது. அவர் சைக்கிளில் வந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மீட்டர் நம்பரைக் கதவைத் திறக்காமலேயே கத்திச் சொன்னார்கள். ஒரு வீட்டில் அவரைப் பார்த்ததும் அரிவாள்மணையை எடுத்து ஒளித்துவைத்தார்கள். முருகையன் நடுவீதியில் நின்று, கேட்டதா இல்லையா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நிஜமாகவே தெரியவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு தனியாக அது வரைக்கும் நின்றதில்லை.

அன்று மத்தியானம் டவுனுக்குப் போய் பேக்கரியின் பின்வாசலில் நின்றார். இளஞ்செழியன் அடுப்பிலிருந்து ரொட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. சூடா இருக்கு, ஒண்ணு சாப்புடுங்க."

முருகையன் ரொட்டியை வாங்கவில்லை. "இளா, அன்னைக்கு ஒரு சத்தம் கேட்டுச்சு. அரை அடின்னு." வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "உனக்கும் கேட்டுச்சா?"

இளஞ்செழியன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரே நின்றான். "கேட்டுச்சு மாமா. எனக்குக் கேட்டுச்சு, ஏட்டு மாமாவுக்கும் கேட்டுச்சு. ரெண்டு பேருக்குக் கேட்டா அது வெளிய இருக்கற சத்தம். நிர்மலா அக்கா சொல்லிக் குடுத்தாங்க. அது இல்லாம நான் கயித்த இழுக்க மாட்டேன்."

முருகையன் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "அந்த நர்ஸம்மா சொன்னதுல பாதியத்தான்டா நான் கமிட்டியில சொன்னேன்" என்றார்.

"தெரியும் மாமா. அன்னைக்கு மத்தியானம் நான் ஊசிக்குப் போனப்ப, பெரிய மீச வச்ச ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போனதா அக்கா சிரிச்சாங்க. மீசைய வச்சே கண்டுபுடிச்சுட்டேன். கமிட்டியில நீங்க பேசும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா கயித்த விடாம புடிச்ச?"

இளஞ்செழியனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "புடிக்கச் சொன்னாங்க, புடிச்சேன்" என்றான்.

முருகையன் ரொட்டியை வாங்கிக்கொண்டு எழுந்தார். "அடுத்த வருஷம் முகம் உனக்குத்தான். இட்லியும் சாப்புடு, மாத்திரையும் போடு."

"கமிட்டி ஒத்துக்காது மாமா."

"ஒத்துக்கலன்னா பாவாடைகிட்ட யாரு போயி படுக்கறதுன்னு கமிட்டி பாத்துக்கட்டும்."

சைக்கிளை நேரே ராஜாங்கத்தின் வீட்டுக்கு விட்டார். கேட்டுக்கு உள்ளே நாய் எழுந்து நின்று, பல்லைக் காட்டிக் குரைத்தது. முருகையன் சுற்றுமுற்றும் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"ந்தாம்மா, இந்த நாய் குரைக்கறது உனக்கும் கேக்குதுல்ல?"

அவள் பயத்தோடு தலையாட்டினாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு, முருகையன் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.